நாற்பத்தொரு பெயர்கள்

எட்டு ஃபாரம், நூற்று இருபத்தெட்டு பக்கம். அதற்குமேல் ஒரு பக்கம்கூட ஏறாது என்று அடித்துச் சொன்னார் ஷாஹுல் ஹமீது. மயிலாப்பூரில் புத்தகங்களுக்கு லே-அவுட் செய்து தருபவர். அபிராமபுரத்தில் இரண்டு வீட்டுக்குச் சமைக்கும் அன்புக்கரசி, இடிக்கப்பட்ட தன் அடையாற்றங்கரைத் தெருவைப் பற்றி எழுதி, தானே வெளியிடும் முதல் புத்தகம் அது. கடைசி இரண்டு பக்கம்தான் இடமில்லாமல் வெளியே நின்றது. அதில் உதவியவர்களின் பெயர்கள், நாற்பத்தொன்று.

“பேசாம ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ன்னு ஒரே வரியில முடிச்சிடுக்கா.”

அன்புக்கரசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எல்லாருக்கும் நன்றின்னா யாருக்கும் இல்லன்னு அர்த்தம் பாய்!”

கோபம் நியாயம்தான். அத்தனை பேரும் அந்தத் தெருக்காரர்கள், வீடு இடிந்தபின் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று திசைக்கொருவராகச் சிதறிப் போனவர்கள். வேலை முடித்துப் பஸ் பிடித்து அவள் தேடிப்போனபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தாயம்மா பழைய தெருவை வீடு வீடாகச் சொன்னாள். மஹ்விஷ், அன்புக்கரசி எழுதிவைத்திருந்த மூன்று நோட்டையும் போனிலேயே டைப் அடித்துக் கொடுத்தாள். கையெழுத்தைத் திட்டிக்கொண்டேதான் அடித்தாள், அது வேறு விஷயம்.

“ஐயாவோட அணிந்துரை எத்தினி பக்கம் பாய்?”

“ரெண்டு. ஏங்க்கா?”

ஐயா என்றால் பேராசிரியர் நெடுஞ்செழியன். வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்ட பெரிய மனிதர். அணிந்துரையில் ஒன்றரைப் பக்கம் தன் பெருமை பேசிவிட்டு, மிச்சத்தில் ‘கூவக்கரையின் குரல்’ என்று அவளைப் புகழ்ந்திருந்தார். புத்தகத்தில் கூவம் எங்குமே கிடையாது. மனிதர் ஒரு பக்கமாவது புரட்டியிருந்தால்தானே!

அன்புக்கரசி அங்கேயே போன் போட்டாள். “ஐயா, எடம் பத்தல. உங்க அணிந்துரைய எடுத்துட்றேன், கோச்சுக்காதீங்க.”

“அப்படியா? அப்ப நானும் வரலை. விழாவுக்கு யாரைக் கூப்பிடுவே?”

“நாப்பத்தோரு பேரு கீறாங்க ஐயா.”

போன் வைக்கப்பட்டது. ஷாஹுல் ஹமீது தலையில் கைவைத்துக்கொண்டார்.

நந்தனத்தில் ஒரு சின்னக் கூடத்தில் விழா. தலைமை தாங்க ஆளில்லை. அன்புக்கரசி மேடையேறி, எழுதிவந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தாள்.

“தாயம்மா.”

“கீறேன்!” என்று கையைத் தூக்கியபடி தாயம்மா எழுந்தாள். கூடம் கொல்லென்று சிரித்தது.

“சேட்டு.”

“கீறேன்!”

மூன்றாவது பெயருக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெயர்களை அவள் அகரவரிசையில் போடவில்லை, வீட்டு வரிசையில் போட்டிருந்தாள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முனை வீட்டில் தொடங்கி ஆற்றோரக் கடைசி வீடு வரை ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாற்பத்தொன்றையும் வாசித்து அவள் நிமிர்ந்தபோது, அந்தத் தெரு முழுசாக அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தது.