சுவரில் தலைகீழாக நடந்தவர்கள்

அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகச் சொன்ன திகதியும் கடந்தபின், மாக்கஸ் வோபர்ன் என்ற நகர்ப்பகுதியில் அக்கா அனோஜாவின் வீட்டு முன்னறையில் ஒளிந்திருந்தான். தெருவிலிருந்து யாரும் பார்க்காதபடி யன்னல் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தான். ஒரு காலை அலறினான்.

"அக்கா! சுவரில ஆரோ தலைகீழா நடக்கினம்!"

பௌதிகம் படிப்பிக்கும் அனோஜா ஓடி வந்து பார்த்துச் சிரித்தாள். "விசரா, தாளில சின்ன ஓட்டை விழுந்திருக்கு."

அனோஜா விளக்கினாள்: ஒளி நேராகத்தான் போகும். தெருவில் நடப்பவரின் தலையிலிருந்து வரும் ஒளி ஓட்டைக்குள் நுழைந்து சரிந்து சுவரின் கீழே விழும்; காலிலிருந்து வருவது மேலே ஏறும். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு அல்-ஹைதம் என்ற வானியலாளர் இருட்டறைக்கு வெளியே விளக்குகளை வைத்து, ஒன்றை மறைத்தால் உள்ளே எந்த வெளிச்சப் புள்ளி அணைகிறதென்று பார்த்து இதைச் சோதித்தார். கலீபாவுக்குப் பயந்து பைத்தியமாக நடித்து வருடக்கணக்காக வீட்டுக்காவலில் இருந்தார் என்றும் சொல்வார்கள்.

"என்னை மாதிரி," என்றான் மாக்கஸ்.

"அவர் உள்ள இருந்து புத்தகம் எழுதினவர். நீ ரீ குடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாய்."

அப்போது சுவரில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. சீருடையில் இருவர் இறங்கி, அறையின் வாசற்கதவு இருந்த பக்கமாக நகர்ந்தார்கள். மாக்கஸ் பின்கதவுக்குப் பாய்ந்தான். அனோஜா கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாசலுக்கு வருகினம், விடு!"

"இல்லையடா! பக்கமும் மாறித்தான் விழும். அவை மற்றப் பக்கம் போகினம். எங்கட பின் கேற்றும் அந்தப் பக்கம்தான். ஓடினாயெண்டா நேர அவையிட்டத்தான் போய் நிப்பாய்."

பக்கத்து வீட்டு மணி கேட்டது. யாரும் திறக்கவில்லை. பிறகு உருவங்கள் வாசற்பக்கத்தை விட்டு விலகத் தொடங்கின. அதன் பொருள் இப்போது இருவருக்கும் தெரியும். சட்டைகளில் ஏதோ எழுத்து இருந்தது. ஓட்டை வழியே வந்த மங்கலான உருவத்தில் அதை வாசிக்க முடியவில்லை.

அவர்களுடைய மணி அடித்தது.

"பாத்திடுவம்!" மாக்கஸ் தாளைக் கிழித்தான். எல்லா இடத்து ஒளியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, சுவர் வெறும் வெள்ளையானது. படியில் நின்றவர்களின் சட்டையில் எரிவாயுக் கம்பனியின் பெயர். ஒருவன் யன்னலைப் பார்த்துக் கையசைத்தான்.

மாக்கஸ் நிலத்தில் இருந்துவிட்டான்.

"அக்கா, இனி ஒளிச்சிருக்க என்னால ஏலாது. லோயருக்குக் கோல் எடு."