தரைப்பாலம் நிறுத்தம்

ஏம்பலத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வரும் ஒரே பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி அது. ஆரோக்கிய ஜெனிபர் வேலை முடிந்து வந்த மாலைகளில் தானே உட்கார்ந்து எழுதியது. பஸ்ஸில் ஏறிய யாராவது ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். யாரும் தட்டாவிட்டால், பழைய நேரங்களை வைத்துச் செயலியே ஊகித்து ஒன்றைச் சொல்லிவிடும். வெயிலில் காத்துக் காத்து அலுத்த சனம் அதை அப்படியே நம்பியது.

அன்று மத்தியானத்திலிருந்து விடாத மழை. சாயங்காலம் கண்டக்டர் குமரவேல் போன் செய்தார்.

"இன்னாம்மா, தரைப்பாலத்துல தண்ணி ஏறிடுச்சு. நாங்க மெயின் ரோட்டுல சுத்திப் போறோம். ஒன் ஆப்புல போட்டுடு."

ஜெனிபர் செயலியைத் திறந்தாள். தரைப்பாலம் நிறுத்தத்துக்கு இன்னும் இருபது நிமிடத்தில் பஸ் வரும் என்றது. பஸ்ஸில் யாரும் தட்டியிருக்கவில்லை. அந்த நிறுத்தம் அக்கரையில், ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. களையெடுக்கப் போன பெண்கள் அங்கேதான் நிற்பார்கள். அவள் சித்தி ஞானசுந்தரியும் போயிருந்தாள்.

செயலியை எல்லோருக்குமாக நிறுத்தினாள். சித்தியின் போன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஏற்கெனவே திறந்து வைத்திருந்த போன்களில் நிமிடங்கள் தம் பாட்டுக்குக் குறைந்துகொண்டிருக்கும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

தரைப்பாலத்தின் கைப்பிடிக் கற்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. அக்கரையில் நிழற்குடைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒண்டியிருந்தார்கள். தண்ணீர் அவர்கள் கணுக்காலை நனைத்திருந்தது.

"பஸ் வராது! மேல பள்ளிக்கூடத்துக்குப் போங்க!" தொண்டை கிழியக் கத்தினாள்.

அரங்கநாதன் என்ற விவசாயி போனைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் ரெண்டு நிமிசம்னு ஒன் ஆப்பே சொல்லுதே! மழையில எங்கள எங்க போகச் சொல்ற?"

"அது பொய்ங்க! பஸ் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நான்தான் அப்படி எழுதி வெச்சேன்!"

யாரும் நகரவில்லை. ஓடையில் ஒரு முள்மரம் வேரோடு உருண்டு வந்து பாலத்தில் மோதியது.

"சித்தி! சூசையப்பர் மேல சத்தியம், கெளம்பு சித்தி!"

ஞானசுந்தரி அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பொண்ணு அழுவுது, வாங்கடி" என்று மேட்டைப் பார்த்து நடந்தாள். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அரங்கநாதன் கடைசியாக, போனைப் பார்த்தபடியே ஏறினார்.

அவர்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவை எட்டியபோது, நிழற்குடையின் சிமெண்டுப் பெஞ்சுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனிபர் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே ஊகிக்கும் பகுதியை அழித்தாள். யாரும் தட்டாவிட்டால் செயலி இப்போது 'தெரியவில்லை' என்று மட்டும் சொல்கிறது. "இதுக்கு எதுக்குடி ஒரு ஆப்பு?" என்று களையெடுக்கும் பெண்களே கேலி செய்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் மறக்காமல் தட்டுகிறார்கள்.