நெஞ்சில் குத்திய பெயர்

சண்டை நிறுத்தம் வந்து, வெள்ளைக்கார டூரிஸ்ட் கூட்டம் மறுபடி கண்டிக்குப் படையெடுத்த வருஷத்தில் அந்த ஹோட்டல் கைமாறியது. புது முதலாளிக்குப் பணம் இருந்தது, புத்தியும் இருந்தது, ஊர் மட்டும் தெரியாது. அவர் அனுப்பிய மேனேஜர் மார்ட்டின் வந்த சூட்டோடு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் இங்கே யாரையும் சேர் என்று கூப்பிடக் கூடாது, மிஸ் கிடையாது, அக்கா அண்ணன் கிடையாது. மேனேஜர் தொட்டுத் தோட்டக்காரன் வரை எல்லோரும் சட்டையில் பெயரைக் குத்திக்கொள்ள வேண்டும். முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நாமெல்லாம் ஒரே குடும்பமாம். எந்தக் குடும்பத்தில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த மனுஷனிடம் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவரை வெறும் மார்ட்டின் என்று சொல்ல நாக்கு எழும்பாமல் எல்லோரும் "மார்ட்டின் சேர்" என்றே கூப்பிட்டார்கள். அவரும் கொஞ்ச நாள் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்து போனார்.

பேட்ஜ்கள் கொழும்பில் அடித்து வந்தன. அடித்தவன் ஒவ்வொரு ஆளின் முழுப் பெயரிலும் முன்னால் நிற்கிற சொல்லை எடுத்து, இதுதான் முதல் பெயர் என்று முடிவு கட்டிவிட்டான். பெட்டியைப் பிரித்ததும் ஹோட்டலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிங்களப் பையன்களில் பாதிப் பேருக்குப் பரம்பரைப் பெயர் வந்திருந்தது. ஹேரத் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பினார்கள். கிச்சனில் இருந்த முஸ்லிம் ஆட்கள் அத்தனை பேரும் முகம்மது. லாண்டரியில் துணிக்கு இஸ்திரி போடும் கமலத்துக்கு வந்தது வீரய்யா.

வீரய்யா அவளுடைய அப்பா. நம் ஆட்களுக்கு அப்பன் பெயர் முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் அதற்குப் பின்னால் வரும். கொழும்பில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

ஹேரத்துகளும் முகம்மதுகளும் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துச் சொந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். லாண்டரியில் கூட வேலை செய்த மேபல், கமலத்தையும் விடாமல் நச்சரித்தாள்.

"என்னக்கா இது, ஆம்பளப் பேரக் குத்திக்கிட்டு அலையிறீங்க? குடுங்க, நான் கொண்டு போய் மாத்திக்கிட்டு வாறேன்."

"இருக்கட்டும் மேபல். என்ன பேருன்னா என்ன, சம்பளம் ஒண்ணுதானே."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே இருந்தது வேறு.

கமலம் பிறந்து வளர்ந்தது கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். அப்பா ஒரு இரும்புக் கடையில் விற்பனைக்கு நின்றவர். கறாரான மனுஷன், ஆனால் மகள் என்றால் உயிர். கடை பூட்டி வரும்போது அவளுக்கென்று ஒரு துண்டு மஸ்கெட் அல்வாவாவது பேப்பரில் சுற்றிக் கொண்டுவராமல் படியேற மாட்டார். அப்பேர்ப்பட்டவரிடம் அவள் அம்பிட்டியாவைச் சேர்ந்த அமலதாஸைக் கட்டப் போவதாகச் சொன்னாள். அமலதாஸ் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவன், நல்லவன், வேதக்காரன். மாதா கோயிலில் வைத்துக் கட்டுவதற்காக அவளும் ஞானஸ்நானம் வாங்கி லூர்துமேரி ஆனாள். வீரய்யா கத்தவில்லை, கை நீட்டவில்லை. வாசலில் நின்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

"எங்க வேணும்னாலும் போ. இனிமே என் பேர ஒன் பேருக்கு முன்னால வச்சுக்காத. எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, ஆத்தோட போயிருச்சுன்னு நெனச்சுக்கிறேன்."

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரே டவுனுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். தம்பி நடராஜா மட்டும் பஸ் ஸ்டாண்டில் கண்டால் நின்று நாலு வார்த்தை பேசுவான். அம்பிட்டியாவில் அவள் லூர்து. புருஷன், மாமியார், பங்குச் சுவாமி எல்லோருக்கும் லூர்து. பழைய அடையாள அட்டையில் மட்டும் வீரய்யா கமலம் மாற்றாமல் கிடந்தது. கமலம் என்று அவளைக் கூப்பிட இந்தப் பக்கத்தில் ஒரு நாதி கிடையாது.

அப்படி இருக்கும்போது, அவள் கேட்காமலே, ஆசைப்பட்டதை யாரிடமும் சொல்லாமலே, கொழும்புக்காரன் ஒருவன் அப்பாவின் பெயரை அடித்து அனுப்பிவிட்டான். அப்பா வைக்காதே என்றார். அவள் வைக்கவில்லை, ஹோட்டல் வைத்தது. கேட்டால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். களவாணித்தனமான சந்தோஷம்தான். ஆனாலும் சந்தோஷம்.

முதல் நாள், மீசை முளைத்தும் முளைக்காத சூப்பர்வைசர் "வீரய்யா, இங்கே வா" என்று கத்தியபோது அவள் இஸ்திரிப் பெட்டியை டொக்கென்று வைத்தாள். பெற்ற தகப்பனை யாரோ வாடா போடா என்று கூப்பிடுவதைப் போலிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வைராக்கியம் வந்தது. இந்தப் பெயருக்கு இங்கே ஒரு ஏச்சு விழக்கூடாது. படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு, சட்டைக் கொலரில் ஒரு சுருக்கம் இருக்கவிட மாட்டாள். அறை சுத்தம் செய்ய ஆளில்லாத நாளில் வெள்ளைக்காரக் கிழவிகளுக்குக் குளிக்கத் துவாய் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர்கள் அவள் நெஞ்சில் இருந்த பேட்ஜைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, "தேங்க்யூ வீரய்யா" என்பார்கள். அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். அப்பாவுக்கு யாரோ மாலை போட்ட மாதிரி மனம் நிறைந்துவிடும். பைத்தியக்காரி என்று மேபல் சிரிப்பாள்.

அந்தச் சித்திரை கழிந்த கையோடு, ஒரு விடியலில் நடராஜா அம்பிட்டியாவுக்கு வந்து வாசலில் நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் படி ஏறியதில்லை. அவனைக் கண்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்பா போயிட்டாருக்கா" என்றான்.

அமலதாஸோடு அவள் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் இறங்கியபோது வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. முன் அறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பாதியாக இளைத்துப் போயிருந்தார். அவள் விழுந்தடித்துக் கிட்டே போகுமுன், தலைமாட்டில் இருந்த அம்மா வடிவம்மா எழுந்து குறுக்கே நின்றாள்.

"இப்ப எதுக்குடி வந்த? உசுரோட அவரு வந்து நின்னப்ப மூஞ்சி காட்ட மாட்டேன்னு சொன்னவளுக்குப் பொணத்துக்கிட்ட என்ன வேல?"

கமலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எப்பம்மா சொன்னேன்? அப்பா எப்ப வந்தாரு?"

"நடிக்காத. மாசி மாசம், கிளினிக் போனவரு அங்கருந்து நேரா ஒன் ஹோட்டலுக்குத்தான் வந்தாரு. நெஞ்சுல பலமில்ல, ஒருக்கா பிள்ளையக் கண்ணால பாத்துட்டு வாறேன்னு மஸ்கெட் வாங்கிக்கிட்டு வந்தாரு. ஒன் புருஷன் வீட்டுப் படி ஏற மாட்டேன், வேல செய்யிற எடத்துலயே பாத்துக்கிறேன்னு வந்தாரு. கமலம்னு யாருமே இல்லன்னு ஆள் வச்சு சொல்லி அனுப்பிட்டியேடி!"

"சத்தியமா இல்லம்மா!"

"வாங்கின மஸ்கெட்ட அப்பிடியே கொண்டாந்து அலுமாரியில வச்சாரு. நான் திட்டினதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? நாந்தானே அப்பிடிச் சொன்னேன், அவ சரியாத்தான் செஞ்சிருக்கான்னாரு. அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஒன் பேரையே எடுக்கல."

சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். யார் காலில் விழுந்து யாரிடம் சத்தியம் பண்ணுவது? நடராஜாகூடத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அப்பா வந்தார் என்பதை நினைத்து மனம் ஒரு கணம் துள்ளியது. வந்து திரும்பிப் போனார் என்பதில் அதே மனம் அறுந்து விழுந்தது. கமலம் இல்லை என்று யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஹோட்டலில் அவள் முன்பு அக்கா, இப்போது வீரய்யா. கமலம் என்று ஒருத்தி இருப்பது மேபலைத் தவிர யாருக்குமே தெரியாது.

மத்தியானம் ஹோட்டல் வேன் வந்தது. மேபல், லாண்டரிப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு, ஹோட்டல் கேட்டில் காவலுக்கு நிற்கும் தாஸிம். அலவத்துகொடக்காரன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வளையத்தைக் கால்மாட்டில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தவன், இறந்தவரின் முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"இவரா ஒங்கட வாப்பா? இவர் நம்மட கேட்டுக்கு வந்தாரே அக்கா!"

வடிவம்மா தலையைத் தூக்கினாள். "நீதானா தம்பி அது? ஏன்யா இல்லன்னு சொல்லி அனுப்புன? இவதானே சொல்லச் சொன்னா?"

"இல்லம்மா, ஆரும் சொல்லல்ல. கமலம் எண்டு ஒரு புள்ளையத்தான் கேட்டாரு. கேட்டுல பேட்ஜ் மாட்டுற போர்டுல எழுதியிருக்கிற பேர ஒண்டொண்டாப் பாத்தன். கமலம் எண்டு ஆருமே இல்ல." அவன் சுவரோரம் இருந்தவளைக் கை காட்டினான். "இவங்க வீரய்யா அக்கா. இவங்களத் தேடி வந்தாருண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

செத்துக் கிடக்கிறவரின் பெயரை உயிரோடு இருக்கிறவளுக்குச் சொன்னதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேபல்தான் அழுதுகொண்டே, பேட்ஜ் வந்த கதையையும் அக்கா அதை மாற்ற மாட்டேன் என்று அடம் பிடித்த கதையையும் சொன்னாள். வடிவம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்து, ஆற்றாமையோடு தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும் போனவரு, நான் இன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டனே அம்மா" என்றான் தாஸிம். "ஒங்கட பேரச் சொல்லுங்க, விசாரிச்சு வைக்கிறன் எண்டன். அவரு சிரிச்சாரு. என் பேரச் சொன்னா அந்தப் புள்ள வராது தம்பி எண்டாரு. கொஞ்ச நேரம் உள்ளுக்கே பாத்துக்கிட்டு நிண்டாரு. பொறகு மழையில எறங்கிப் போயிட்டாரு."

கமலம் எழுந்தாள். இந்தத் தடவை அம்மா வழி மறிக்கவில்லை. இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, குனிந்து, காதோரம் வாயை வைத்தாள்.

"அப்பா, நான் இல்லன்னு சொல்லலப்பா. நான் உள்ளதான் இருந்தேன். அயன் பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன். கொழும்புல பேட்ஜ் அடிச்சான்ப்பா, அடிச்சவன் தெரியாம ஒங்க பேரப் போட்டுட்டான். எல்லாரும் மாத்துனாங்க, எனக்கு மாத்த மனசு வரல. நீங்க வைக்காதன்னு சொன்னீங்க, அப்பவும் எனக்கு ஆசையா இருந்துச்சு. ஒங்க பேர யாரும் கெட்ட வார்த்த சொல்ல நான் விடலப்பா. வெள்ளைக்காரங்ககூட நல்லபடியாத்தான் கூப்புடுவாங்க..."

மேளக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நேரமாகிறது என்று வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள். நடராஜா வந்து அக்காவின் தோளைத் தொட்டான். அவள் தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்ல வேண்டியது நிறையக் கிடந்தது.

பாதிக் கதையில் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.