ஒரு டோக்கனுக்கு ஒரு தொந்தரவு

“என்ன தொந்தரவு?” என்று கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“முழங்கால்” என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்காலுக்கா நான் லீவு போட்டு இவரை இழுத்துவந்தேன்? லிஃப்ட் பழுது பார்ப்பது இவர் தொழில். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே கூப்பிடுவார்கள். அதனால் ஊரிலேயே அதிகமாகப் படி ஏறுகிற மனுஷன் இவர்தான். கொஞ்ச நாளாக இரண்டாவது மாடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். இவரா சொன்னார்? கூட வேலை செய்கிறவர் போன் பண்ணிச் சொன்னார்.

“நெஞ்சு அடைக்குதுன்னும் எழுதிக்கோம்மா” என்றேன்.

“ஒரு டோக்கனுக்கு ஒரு தொந்தரவுதான்மா. ரெண்டாவதுக்குத் தனி டோக்கன், தனி ஃபீஸ்.”

“அப்ப நெஞ்சையே எழுது. முழங்கால் கிடக்கட்டும்.”

“அது வெறும் வாயுத் தொல்லைம்மா. நீ முழங்காலே போடு” என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “நெஞ்சுன்னு வாயத் திறந்தா டெஸ்ட்டு மேல டெஸ்ட்டா எழுதுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பில்லு. பேசாம இரு.”

ஏற்கெனவே ஃபைலுக்கு ஒரு கட்டணம், ரசீது அச்சடிக்க ஒரு கட்டணம், போனில் நேரம் கேட்டதற்கும் ஒரு கட்டணம். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

“நான் போட்ட சட்டமாம்மா? திட்டு மட்டும் எனக்கு வருது” என்றாள் அந்தப் பெண். சாப்பிட்டாளோ இல்லையோ, முகம் வாடிக் கிடந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

எங்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர் தலையை நீட்டினார். “எனக்கு முதுகும் வயிறும் வலிக்குது. முன்வாசலும் பின்வாசலும்தானே, ஒரே வீடாக் கணக்குப் பண்ணிக்கக் கூடாதா?”

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் டோக்கன் ஒன்றுதான் கொடுத்தாள்.

நெடுநேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் பழைய டாக்டரேதான். முன்பு இந்த இடம் அவருடையது. இப்போது ஒரு கம்பெனி வாங்கிவிட்டது, அவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். மேசையிலிருந்த கணினித் திரையின் மூலையில் எங்களுக்கான நேரம் குறைந்துகொண்டே வந்தது. முழங்காலை மடக்கிப் பார்த்தார், மருந்தைத் தட்டச்சு செய்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்புறம்?” என்றார்.

அந்தக் காலத்திலிருந்தே அவருக்கு அப்படி ஒரு பழக்கம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஜனங்கள் மனசில் கிடப்பதையெல்லாம் கொட்டுவார்கள். கால் சுளுக்கென்று வந்தவள் தூக்கம் வருவதில்லை என்று அழுவாள்.

என் வீட்டுக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். “அப்புறம் ஒண்ணுமில்ல டாக்டர். முழங்காலுக்கு மட்டும்தான் டோக்கன்.”

டாக்டர் அடிபட்ட மாதிரி அவரைப் பார்த்தார்.

“பொய் சொல்றார் டாக்டர்” என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. “மாடி ஏறினா நெஞ்சு அடைக்குது. ராத்திரி உக்காந்தே தூங்குறார். எனக்குப் பயமா இருக்கு. எத்தனை டோக்கன் வேணும்னாலும் போடுங்க, இவரப் பாருங்க.”

நேரம் முடிந்து திரை சிவந்தது. டாக்டர் அதை அணைத்துவிட்டு, ஈ.சி.ஜி. இயந்திரத்தைத் தாமே தள்ளிவந்தார். ஒயர்களைத் தாமே ஒட்டினார். வெளியே வந்த தாளைப் பார்த்ததும், ஆம்புலன்ஸ் வரவழைக்கச் சொன்னார்.

“இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரில சேரணும். காப்பாத்திடலாம், இப்பவாவது வந்தீங்களே” என்று என்னிடம் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரிடம், “எத்தனை நாளா இருக்கு?” என்றார்.

“ரெண்டு மாசமா.”

“போன மாசம் காது வலின்னு எங்கிட்டதானே வந்தீங்க?”

“ஆமா டாக்டர்.”

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். “அன்னிக்கு நான் ‘அப்புறம்?’னு கேக்கலையா?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மார்பு முழுக்க ஒயர்களோடு படுத்துக்கொண்டு, அந்த மனுஷனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கு வெளியில ரொம்பப் பேரு காத்துக்கிட்டிருந்தாங்க டாக்டர்.”