துப்பாக்கி பிடித்தவன்

மய்யித்தைக் குளிப்பாட்ட மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றியபோதுதான் மகனின் வலது தோளில் கறுத்துக் காய்த்திருந்த இடம் முகம்மது சுல்தான் ராவுத்தரின் கண்ணில் பட்டது. துப்பாக்கிக் கட்டை இடித்து இடித்து வந்த காய்ப்பு. கற்பூரத் தண்ணீரை அதன்மேல் பையச் சாய்த்தார்.

மகன் மைதீன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவில் துருக்கியரோடு சண்டையிட்டு, காய்ச்சலோடு ஊர் திரும்பி நாற்பது நாள் ஆகியிருந்தது. இன்று விடியும்போது மூச்சு நின்றது. முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவரான துருக்கி கலீபாவின் படையைச் சுட்டவனுக்கு ஜனாஸா என்ற கடைசித் தொழுகையைத் தொழ மாட்டோம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். சொல்லாதவர்களும் வரவில்லை.

கபன் துணி சுற்றி முடித்த நேரத்தில் காசிம் லெப்பை வாசலில் வந்து நின்றார். சின்ன வயதில் அவரும் சுல்தான் ராவுத்தரும் ஒன்றாக ஓதியவர்கள்.

"நான் சொல்லுதத கேளும் வே. பட்டாளத்துக்குப் போனதுக்கு கடைசி நேரத்தில தவ்பா செஞ்சு மன்னிப்புக் கேட்டான்னு ஒரு வார்த்தை சொல்லும். ஊரையே நான் கூட்டிட்டு வாரேன்."

"தண்ணி கேட்டான். கலிமா சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

"சரி, காயம் பட்டவங்கள தூக்கத்தான் போனான், சுடலன்னாவது சொல்லும்."

"தூக்குதவனும் நல்ல மனுசன்தான். என் மவன் துப்பாக்கி பிடிச்சவன். மய்யித்து வாயில பொய்ய வைக்கச் சொல்லுதீரா?"

"உம்ம முதுகுல உலக்கைய வச்சுல்லா பெத்திருக்காவ," என்றார் லெப்பை.

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி பாத்துவின் குரல் வந்தது. "ஒரு வார்த்தைதானங்க. சொல்லிருங்களேன். எம்புள்ள தனியாவா போவணும்?"

மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தாக்கின் ஒரு காலில் சேறு ஒட்டியிருந்தது. சுல்தான் ராவுத்தர் குனிந்து அதைத் தோள்துண்டால் துடைத்தார்.

"தனியா எங்க போவுதான். நான் வாரேன்லா கூட."

லெப்பை தெருமுனைவரை போய், ஒரு தடவை நின்று, பிறகு போய்விட்டார்.

தொழ வந்திருந்தது பாத்துவின் தம்பியும் அவர் மகன்கள் இருவரும்தான். காலையிலிருந்து கபர்க் குழி வெட்டியவர்கள்; கைகால் கழுவி ஒளுச் செய்த பிறகும் நகக்கண்ணில் மண் இருந்தது. முற்றத்தில் மூவரும் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். தொழ வைக்க முன்னால் போன சுல்தான் ராவுத்தர் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தன் பின்னால ஒருத்தனா நில்லுங்க. மூணு வரிசை."

"மூணு பேருக்கு ஒரு வரிசை போதாதா மச்சான்?"

"ஊருல யாரு மௌத்தானாலும் மூணு வரிசைக்குக் கொறையாம நிக்கோம். இவனுக்கும் நிக்கணும்."

மைத்துனர் இருந்த இடத்திலேயே நின்றார். மூத்தவன் அவருக்குப் பின்னால் போனான். கடைசி வரிசைக்கு இளையவன். அவன் தன் இருபுறமும் கிடந்த வெறும் தரையைப் பார்த்தான். ஓரமாக நிற்பதாகத் தோன்றியதோ என்னவோ, இரண்டடி நகர்ந்து வரிசையின் நடுவுக்கு வந்தான்.

சுல்தான் ராவுத்தர் அதுவரை காத்திருந்தார். பிறகு மேற்கே கிப்லாவை நோக்கித் திரும்பி, கைகளைக் காதுவரை உயர்த்தினார்.