நான்காம் அட்டவணை

கிடங்குச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததுமே அருணாசலவடிவுக்கு அது யார் போட்ட பட்டியல் என்று தெரிந்துவிட்டது. இருபத்துமூன்று கூலியாட்களின் வில்லை எண்கள். 412 முதலில், 77 கடைசியில். விடுப்பே எடுக்காமல் வந்த நாட்களை எண்ணி அந்த வரிசையில் அடுக்கியவள் அவள்தான். அவளுடைய ப்ராஜக்ட் ரிப்போர்ட்டின் நான்காம் அட்டவணை. மேலே மட்டும் புதிதாக ஒரு வரி: ‘பொய் வருகைக்காக இவர்கள் இன்று முதல் நீக்கப்படுகிறார்கள்.’

மெட்ராஸில் அவள் படிப்பது தகவல் முறை நிர்வாகம். அது ஊரில் யாருக்கும் விளங்காது என்பதால், ‘தங்கச்சி கம்ப்யூட்டருக்குப் படிக்கா’ என்று அண்ணன் ராமர் துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். சரக்கு காண்ட்ராக்ட் கம்பெனியில் மூட்டை சுமந்து அவளைப் படிக்கவைப்பவன் அவன்தான். ப்ராஜக்டுக்காக அதே கம்பெனியின் மூன்று மாத வருகைப் பதிவேட்டை அவள் துளையட்டைகளில் ஏற்றிக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். 412 தொண்ணூறு நாளும் தவறாமல் வந்திருந்தது. ‘நம்ப முடியாத வருகைகள்’ என்று தலைப்புப் போட்டாள். பேராசிரியர் மெச்சினார். மெச்சியதோடு நிற்காமல் ரிப்போர்ட்டைக் கம்பெனிக்கும் அனுப்பிவைத்தார்.

412 ராமரோடு மூட்டை சுமக்கும் பேச்சிமுத்துவின் வில்லை. கிரேன் கயிறு அறுந்து கால் முறிந்து மூன்று மாதமாகப் படுத்துக் கிடக்கிறான். இங்கே ஒருத்தன் விழுந்தால் மற்றவர்கள் முறை வைத்து, தங்கள் ஷிப்ட் முடிந்தபின் அவன் பித்தளை வில்லையை மாட்டிக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கும் போவார்கள். கூலி விழுந்தவன் வீட்டுக்கு. ஒரு நாள் தவறினாலும் கம்பெனி பேரை அடித்துவிடும் என்று ஒரு நாளும் தவறவிடமாட்டார்கள். இது வடிவுக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து பார்த்தது. எண்ணாக வந்து நின்றபோது மட்டும் அடையாளம் தெரியவில்லை.

நேராக மாடியேறி மேனேஜர் சிவசுப்பிரமணியனிடம் போனாள்.

“கணக்கு தப்பு ஸார். அந்தத் தாளைக் கிழிச்சிருங்க.”

“சரியான கணக்கும்மா. நானே ஒத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் உன் வைவாவுக்குக் கேள்வி கேக்க நான்தான் வர்றேன். பாஸ் பண்ணிட்டு இங்கேயே வேலைக்கு வந்துரு.”

“பேச்சிமுத்துக்குக் கால் முறிஞ்சது எந்தப் பதிவேட்டுல ஸார் இருக்கு?”

“அதுக்கெல்லாம் பதிவேடு கிடையாதும்மா.”

காபி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார். அவர் மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. அவளும்தான் தன் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் போடவில்லை.

கீழே தாளின் முன் கூட்டம் சேர்ந்திருந்தது. ராமர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சிமுத்துவின் மனைவி சீனித்தாய் வழியை மறித்தாள்.

“ஏளா, எம் புருசன் படுத்துக் கிடக்கது ஒனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனவதானே நீ?”

“தெரியும் மதினி.”

வடிவு பேனாவை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த தாளில் 412க்குப் பக்கத்தில் எழுதினாள்.

“என்னளா எழுதுத?”

“பேச்சிமுத்து. மூணாம் கிடங்கு. கிரேன் கயிறு அறுந்து கால் போச்சு.” உரக்கவே படித்தாள், மாடிக்குக் கேட்கட்டும் என்று.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: “305 எழுது. சுண்ணாம்பு மூட்டை வெடிச்சு கண்ணு அவிஞ்சு போச்சு.” “118. முதுகெலும்பு.” ஒவ்வொன்றாக வந்தது. தாளில் இடம் போதாமல் சுவருக்குப் போனாள். சுவரில் பேனா எழுதவில்லை. டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து அவள் கையில் வைத்தான் ராமர். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

“77 யாரு?”

எல்லோரும் கூட்டத்தில் நின்ற ஞானபாயைப் பார்த்தார்கள். அவள் புருஷன் ஜேசுபாதம் கப்பலின் சரக்குக் குழிக்குள் விழுந்து, பத்து நாள் வீட்டில் கிடந்து, ஐப்பசியில் செத்துப்போனான். அவன் வில்லை மட்டும் இன்றுவரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது.

“வேண்டாம்க்கா, செத்தவரு பேருல கூலி வாங்குனதா ஆயிரும். இத விட்டுருவோம்” என்றாள் வடிவு.

ஞானபாய் அவள் கையிலிருந்து கரியை வாங்கினாள். அவளுக்கு எழுதத் தெரியாது. 77க்குப் பக்கத்தில், சுவர்க்காரை உதிர உதிர, அழுத்தி ஒரு சிலுவை போட்டாள்.