பூட்டாத கதவின் சாவி

ஸ்கெல்டிங் கிராமத்துத் தேவாலயத்தைப் பூட்டாமல் விட்டு ஏழு மாதம் ஆகிறது. அந்த விஷயம் வெளியூர்க்காரர் யாருக்கும் தெரியாமல், எதிர்வீட்டில் அதன் சாவியை வைத்திருக்கும் பெரில் தர்ட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தவர் போதகர் ஃபிலிப்பா. எட்டு ஊர்த் தேவாலயங்களை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவர். "பூட்டிக் கிடந்தாத்தான் திருடனுக்கு வசதி, பெரில். கூரை மேல ஏறி நிதானமா ஈயத் தகட்டை உரிச்சுட்டுப் போறான். திறந்து கிடந்தா எவனாவது வந்துடுவானோன்னு ஒரு பயமாவது இருக்கும்," என்று சொல்லி, தானே எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தார். 'கதவு பூட்டப்படவில்லை. வளையத்தை இடப்பக்கம் திருப்பி, தோளால் பலமாகத் தள்ளவும்.' வாசல் முகப்பில் இருக்கும் பழைய அறிவிப்பை எடுத்துவிட்டு இதைக் குத்தி வைக்க வேண்டும். பெரில் சரி சரி என்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். அட்டை நேராகச் சமையலறை இழுப்பறைக்குள் போனது.

பழைய அறிவிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. 'சாவிக்கு எதிரே உள்ள பச்சைக் கதவைத் தட்டவும். திருமதி தர்ட்டில்.' மாதத்தின் மூன்றாம் ஞாயிறு ஆராதனை நடத்தப் போதகர் வருவார். அன்றைக்கு மட்டும் அட்டை ஏறும். திங்கட்கிழமை காலையில் தேநீர் குடித்த கையோடு பெரில் போய் மாற்றிவிடுவாள்.

இந்தத் தில்லுமுல்லு ஏழு மாதம் ஓடியதற்குக் காரணம், பழைய தேவாலயங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற எங்கள் ஆட்களின் மரியாதைதான். ஈரத்தில் ஊதிப்போன அறுநூறு வருஷத்து ஓக் கதவு அது. இடித்துத் தள்ளினால்தான் அசையும். எங்கள் ஆட்களோ வளையத்தை வலப்பக்கமாக ஒரே ஒரு தடவை, கதவுக்கு வலிக்குமோ என்பது போலத் திருப்பிப் பார்ப்பார்கள். "பூட்டியிருக்கு" என்று கிசுகிசுப்பார்கள். அப்புறம் அறிவிப்பைப் படித்துவிட்டு, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு பச்சைக் கதவுக்கு வருவார்கள்.

அந்தக் கதவை வேறு யாரும் தட்டுவதில்லை. புருஷன் ஹரால்டு செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. தெருவில் ஏழு வீடுகள். ஆறு வீடுகள் லண்டன்காரர்களின் விடுமுறை வீடுகளாகிவிட்டன. மாலையானால் ஆளில்லாத ஜன்னல்களில் விளக்குகள் தாமாகவே எரியும், தாமாகவே அணையும். சாவி கேட்டு வருகிறவர்கள் மட்டும் இல்லையென்றால் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே பெரிலுக்கு மறந்துபோகும். பொய்தான், அவளுக்குத் தெரியும். ஆனால் தனிமை கழுத்தை நெரிக்கும்போது போதகர் வந்தா பார்க்கப் போகிறார்?

பொய்யைச் சுத்தமாகவே செய்தாள். ஒரு சாண் நீளச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். வந்தவருக்கு முதுகைக் காட்டி நின்று, திறந்திருக்கிற பூட்டை முதலில் ஒரு சுற்று பூட்டுவாள், பிறகு ஒரு சுற்று திறப்பாள். சத்தம் சரியாக வர வேண்டுமே!

ஆகஸ்டில் மட்டும் ஒரு சங்கடம் நேர்ந்தது. கண் பரிசோதனைக்கு நகரத்துக்குப் போய்த் திரும்பினால் கதவிடுக்கில் ஒரு சீட்டு. 'வேல்ஸிலிருந்து வந்தோம். பூட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். என் அக்காவால் இனி இவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. பரவாயில்லை, தோட்டம் அழகாக இருக்கிறது.' பரவாயில்லை என்ற அந்த ஒரு வார்த்தை பெரிலைப் போட்டு வாட்டியது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இழுப்பறையைத் திறந்து அட்டையைப் பார்த்தாள், மூடினாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. மெலிந்த உயரமான மனிதர், கழுத்தில் தொலைநோக்கி, கால்சட்டையெல்லாம் புல் விதை.

"மன்னிக்கணும். என் பேரு ரோலண்ட் பெக். லெஸ்டர்லேருந்து வர்றேன். சர்ச் சாவி கிடைக்குமா?"

"சாவி மட்டும் தர மாட்டேங்க. நானும் சேர்ந்துதான் வருவேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் அவர்.

பெரில் வழக்கம்போல ஒரு சுற்று பூட்டி, ஒரு சுற்று திறந்து, தோளால் இடித்தாள். உள்ளே குளிர் தரையிலிருந்து ஏறியது. கூரையைக் காட்டினாள். உத்தரங்களின் நுனியில் இறக்கை விரித்த இருபது மரத் தேவதூதர்கள். "அந்தக் கோடில இருக்கிறவரோட மூக்கைப் பாருங்க. எங்க பழைய தபால்காரர் மூக்கு அப்படியே!" அவர் தொலைநோக்கியில் பார்த்துச் சிரித்தார். ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டினாள். இருக்கைகளின் முனையில் செதுக்கிய நரியைக் காட்டினாள். பிரசங்கியின் அங்கி போட்ட நரி, எதிரே வாயைப் பிளந்து கேட்கும் வாத்துகள். கேட்கத் தெரிந்த ஆள் அவர். நடுவில் புகுந்து தன் படிப்பைக் காட்டவில்லை. பெரிலுக்கு உற்சாகம் பொங்கியது, பேச்சு கட்டு மீறி ஓடியது.

கடைசியில் பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும் மரத்தடுப்புக்குக் கூட்டிப்போனாள். அதில் வரிசையாகப் பன்னிரண்டு புனிதர்களின் ஓவியம். பழைய மதச் சண்டையில் எவனோ கத்தியால் பதினொரு முகங்களைச் சுரண்டி எடுத்துவிட்டான். ஆடையிலுள்ள தங்கப் பூக்கள் அப்படியே இருக்க, கழுத்துக்கு மேல் வெறும் மரம்.

"பதினொண்ணு போச்சு. இந்தப் பொண்ணு மட்டும் தப்பிச்சா. பல்வலிக்காரங்க கும்பிடுற அப்போலோனியா. கையில இடுக்கி, இடுக்கில பல்லு. பிரசங்க மேடையை இவ முன்னாடி கொண்டுபோய் வச்சுட்டாங்க. அதுக்குப் பின்னால இருநூறு வருஷம் யார் கண்ணுலயும் படாம நின்னுட்டிருந்தா."

"யார் கண்ணுலயும் படாததாலதான் முகம் மிஞ்சிச்சு. ஆனா இருநூறு வருஷம்... பாவம்," என்றார் அவர்.

பெரில் சட்டென்று திரும்பி நடந்தாள். "வாங்க, பார்வையாளர் புத்தகத்துல கையெழுத்துப் போடுங்க. போடாம யாரையும் விட மாட்டேன்."

"இல்ல, பரவாயில்ல, நேரமாச்சு..." ரோலண்டின் குரல் தடுமாறியது. அதற்குள் பெரில் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

கடைசி வரியில் மை கறுப்பாகப் பளபளத்தது. இன்றைய தேதி. 'ரோலண்ட் பெக், லெஸ்டர். அப்போலோனியாவின் முகத்துக்காகவே வந்தேன். நன்றி.'

தேவாலயம் தேவாலயமாகச் சுற்றுகிற எங்கள் ஆட்களுக்குப் பார்வையாளர் புத்தகத்தில் பெயர் எழுதாமல் வெளியே வரத் தெரியாது. அந்தப் பழக்கம்தான் இவரைக் காட்டிக்கொடுத்தது.

"காலையிலயே உள்ள வந்திருக்கீங்க," என்றாள் பெரில்.

அவர் முகம் காது வரை சிவந்தது. "முந்நூறு சர்ச் பாத்தவன் நான். கதவை இடிக்கத் தெரியும்."

"அப்ப எதுக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி என் வாயைப் பாத்துக்கிட்டு நின்னீங்க? கிழவி உளர்றது தமாஷா இருந்துச்சா?"

"நீங்க எதுக்கு பூட்டிட்டுத் திறந்தீங்க?"

பெரிலுக்குத் தன் கையில் பிடித்திருந்த சாவி திடீரென்று கேலிக்கூத்தாகத் தெரிந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது.

ரோலண்டின் குரல் தணிந்தது. "நாலு நாளா சுத்துறேன். எட்டு சர்ச். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. பெட்ரோல் போடுற இடத்துல பேசலாம்னா அங்கயும் மெஷின்தான். எல்லாத்தையும் பாத்து முடிச்சுக் கிளம்பும்போதுதான் உங்க நோட்டீஸைப் பாத்தேன். தட்டினா ஒரு ஆள் இருப்பாங்கன்னு எழுதியிருந்துச்சு. கார்ல ஒரு மணி நேரம் உக்காந்து யோசிச்சேன்."

பெரில் முன்வரிசை இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். இழுப்பறையில் கிடக்கும் அட்டையைப் பற்றிச் சொன்னாள். வேல்ஸ்காரச் சகோதரிகளைப் பற்றியும் சொன்னாள். "ஒன்றரை மணி நேரம் வெளியில நின்னிருக்காங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. பாவி நான்." அழுகை வந்தது, துடைக்காமல் அழுதாள். ரோலண்ட் அவளைத் தேற்ற முயலவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெரில் வீட்டுக்குப் போய் அட்டையோடு வந்தாள். பழைய அறிவிப்பின் ஆணிகள் ஈர மரத்தில் இறுகியிருந்தன. ரோலண்ட் பேனாக்கத்தியால் நெம்பிக் கொடுக்க, பெரிலே அட்டையைக் குத்தினாள். அடுத்த திங்கட்கிழமை இதை மாற்ற வரமாட்டாள் என்பது குத்தும்போதே அவளுக்குத் தெரிந்தது. இனி எவரும் எதிர்வீட்டுக்கு வர வேண்டியதில்லை.

"இன்னும் எத்தனை பாக்கி உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இந்த மாவட்டத்துல பதினொண்ணு. பாத்ததை நான் மறுபடி பாக்குறதில்ல, அது ஒரு பழக்கம்." சொல்லிவிட்டு அவரே அதற்காக வருந்துவது போல நின்றார்.

பெரில் தோட்டக் கதவு வரை அவரோடு நடந்தாள். கார் கதவு திறந்தது. இப்போது கேட்காவிட்டால் பிறகு எப்போதுமே கேட்க முடியாது.

"இங்க பாக்குறதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சமில்ல," என்றாள். "எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்துட்டீங்க. இருந்தாலும் வாங்க."

அவர் காரின் கூரைமேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் தேவாலயத்தைப் பார்த்தார். அப்புறம் பச்சைக் கதவைப் பார்த்தார்.

"எந்தக் கிழமை?" என்றார்.